ஜிஆர்பிஎல் 1.1: பொய் அலாரம் நின்றது, இப்போது பூவேலை விலகுகிறது

ஓடாவிமகன்_கல்முனை
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

எங்களுடையது கதவு, நிலை, ஜன்னல் செய்யும் பட்டறை. அப்பா நாற்பது வருடமாக உளி பிடிக்கிறவர். கதவுப் பலகையில் பூ வெட்ட நானே ஒரு ரூட்டர் கட்டினேன். நான்கடிக்கு இரண்டடி மேசை, ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீற்றர் நகரும் பால் ஸ்க்ரூ, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கொன்ரோல் போர்ட், அதில் மோட்டார்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் 1.1 என்ற மென்பொருள். எட்டு மாதம் நன்றாக ஓடியது.

அப்புறம் அலாரம் 1 வரத் தொடங்கியது. மேசை ஓரத்தில் இருக்கும் லிமிட் சுவிட்சை யாரும் தொடவில்லை, தலை மேசையின் நடுவில் நிற்கிறது, ஆனால் மெஷின் “எல்லையைத் தொட்டுவிட்டேன்” என்று சட்டென்று நின்றுவிடுகிறது. $21 என்ற செட்டிங்கை 0 ஆக்கி எல்லைப் பாதுகாப்பையே நிறுத்திவிடலாம் என்று பலர் சொன்னார்கள். அப்பா விடவில்லை. தலை ஒருமுறை ஓடிப்போய் முட்டி ஸ்க்ரூ வளைந்ததை அவர் கண்ணால் பார்த்தவர்.

அதனால் ஜிஆர்பிஎல்லின் மூலக்கோட் எழுதிய கோப்பைத் திறந்து நானே ஒரு மாற்றம் செய்தேன். சுவிட்ச் அழுந்தியதாகச் செய்தி வந்தால் உடனே நம்பாமல் ஐந்து முறை பார்க்கும். ஐந்து தடவையும் அழுந்தியிருந்தால்தான் நிற்கும். பொய் அலாரம் அன்றோடு போய்விட்டது. மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது வேறு பிரச்சினை. தாமரைப் பூவில் முதல் ஓட்டம் வெட்டிய கோட்டின் மேல் இரண்டாம் ஓட்டம் விழவில்லை. இதழ் இரட்டையாகத் தெரிகிறது. நேற்று ஒரு முதிரைப் பலகை வீணாகிவிட்டது. முதிரை இப்போது என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பிழை மென்பொருளிலா மோட்டாரிலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அக்கரைப்பற்று_பிளாஸ்மா
திங்கள், இரவு 10.25

தம்பி, மரத்தில் அளக்க வேண்டாம், ஏமாற்றிவிடும். சின்ன விலகலையும் ஊசியால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை மேசையில் பூட்டி, தலையை அதில் தொடவைத்து ஊசியைச் சுழியத்தில் நிறுத்துங்கள். பிறகு பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலை மேலே தூக்கி, வெட்டாமல் காற்றிலேயே அந்தப் பூவை ஓடவிட்டு, திரும்பச் சுழியத்துக்கு வரச் சொல்லுங்கள். ஊசி எவ்வளவு விலகி நிற்கிறது என்று நாலைந்து தடவை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஸ்டெப்பர் மோட்டார் நினைத்த அளவுக்கு வழுக்காது. உங்கள் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 முழுப் படி என்றால், ஒரு படி 0.05 மில்லிமீற்றர். ரோட்டர் காந்தப் பிடியை விட்டு நழுவினால் நான்கு முழுப் படி தள்ளித்தான் அடுத்த பிடியில் உட்காரும். அதாவது உங்கள் மெஷினில் வழுக்கல் 0.2, 0.4, 0.6 என்று 0.2இன் மடங்கில்தான் வர வேண்டும். 0.13, 0.27 என்று ஒழுங்கில்லாமல் வந்தால் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கையோ ஸ்க்ரூ நட்டையோ பாருங்கள்.

இன்னொன்று. பொய் அலாரம் வந்த நாட்களில் எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வைத்தீர்களா?

ஏறாவூர்_மரவேலை
செவ்வாய், காலை 6.50

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்களிடம் கையில் பிடிக்கும் டிஎஸ்பி கொன்ரோலர் உள்ள மெஷின். பென் டிரைவைச் சொருகி பட்டனை அமர்த்தினால் வெட்டும். நான்கு வருடம் கோட் பக்கமே போகவில்லை. பலகையும் ஆளும் நேரமும் வீணாவதைப் பார்த்தால் அதுதான் மலிவு. தொழில் செய்கிறவன் மென்பொருள் எழுதத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓடாவிமகன்_கல்முனை
செவ்வாய், இரவு 8.15

அக்கரைப்பற்றுக் காக்கா, நீங்கள் சொன்னபடி ஐந்து தடவை ஓடவிட்டேன். எக்ஸ் அச்சில் விலகல்: 0.6, 1.4, 0, 0.8, 0.2. எல்லாமே 0.2இன் மடங்கு! ஊசியைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியானால் மோட்டார்தான் வழுக்குகிறது. ஆனால் காற்றில் ஓடும்போது பாரமே இல்லையே, ஏன் வழுக்க வேண்டும்?

நேரத்தையும் பார்த்தேன். வேலை ஓடர் கொப்பியில் பலகை பழுதானதையெல்லாம் அப்பா எழுதி வைப்பார். அதைப் புரட்டினால், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை ஒரு அலாரம்கூட வந்ததில்லை. மற்ற நாட்களில் அதே நேரத்தில் வந்திருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை ஒன்று மூன்று மாதத்துக்கு முன்புதான் வந்தது. ஜும்மாவுக்காக அவர்கள் அந்த நேரத்தில் பூட்டிவிடுவார்கள்.

ஏறாவூர் அண்ணன், கோபமே இல்லை. டிஎஸ்பி வாங்க அப்போது கையில் காசு இருக்கவில்லை. ஆனால் இப்போது காசு வந்தாலும் இதைவிட்டுப் போக மனமில்லை. திறந்து பார்க்க முடிகிறதே, அது எனக்குப் பெரிய விஷயம்.

வந்தாறுமூலை_மாணவி
செவ்வாய், இரவு 9.05

அண்ணன், அந்த ஐந்து தடவை பார்க்கும் கோட்டை எங்கே வைத்தீர்கள்? ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் டிலே போட்டீர்களா?

ஓடாவிமகன்_கல்முனை
செவ்வாய், இரவு 9.12

லிமிட்ஸ் கோப்பில், சுவிட்ச் மாறியதும் மற்ற வேலையை இடைநிறுத்தி ஓடும் இன்டரப்ட்டுக்குள்ளேயே வைத்தேன், தங்கச்சி. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மில்லிசெக்கன் டிலே.

வந்தாறுமூலை_மாணவி
செவ்வாய், இரவு 10.30

அப்படியானால் வழுக்கலுக்குக் காரணம் அந்த டிலேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஊனோவில் இருக்கும் சிப்பில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். ஒரு இன்டரப்ட்டுக்குள் நுழைந்துவிட்டால், அது முடியும் வரை மற்ற இன்டரப்ட்டுகள் எல்லாம் வாசலில் காத்திருக்கும். மோட்டாரை நகர்த்தும் துடிப்பை அனுப்புவதும் ஒரு இன்டரப்ட்தான்.

உங்கள் கணக்கையே எடுப்போம். ஒரு முழுப் படியை எட்டு மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1600, ஒரு மில்லிமீற்றருக்கு 160 துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடினால் செக்கனுக்கு 8000 துடிப்பு, அதாவது 125 மைக்ரோசெக்கனுக்கு ஒன்று. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கிறது, வயரில் ஒரு மின் இரைச்சல் வருகிறது, உங்கள் கோட் ஐந்து மில்லிசெக்கன் காத்திருக்கிறது. அந்த ஐந்து மில்லிசெக்கனில் போக வேண்டிய நாற்பது துடிப்பும் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று பிடிபடுகிறது, பிறகு அதே முழு வேகத்தில் மறுபடி இழுபடுகிறது. முடுக்கம் என்று $120இல் நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. பாரம் இல்லாவிட்டாலும் வழுக்கும்.

மென்பொருளின் கணக்கில் ஒரு துடிப்பும் குறையாது, தாமதமாகத்தான் போகும். அதனால் திரையில் இடம் சரியாகவே காட்டும். மோட்டாரில் இடத்தை அளந்து சொல்லும் என்கோடர் இல்லாததால் உண்மை நிலைமை அதற்குத் தெரிய வழியில்லை.

என்னைப் பயமுறுத்துவது இன்னொரு விஷயம். கொம்பியூட்டரிலிருந்து ஜி-கோட் என்ற வெட்டும் கட்டளைகள் வருவதும் இன்டரப்ட் வழியாகத்தான். செக்கனுக்கு 115200 பிட் வேகத்தில் ஐந்து மில்லிசெக்கனில் ஐம்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் வந்து சேரலாம். சிப்பின் வாசலில் இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் இடம், மீதி தொலைந்துபோகும். எக்ஸ் 102.5 என்று அனுப்பியது நடுவில் ஒரு எழுத்து விழுந்து 12.5 ஆனால், அதுவும் சரியான கட்டளைதான், மெஷின் அங்கே ஓடும். கை பக்கத்தில் இருந்தால்? தயவுசெய்து இன்றைக்கே அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள்.

இதற்கு ஜிஆர்பிஎல்லிலேயே வழி எழுதி வைத்திருக்கிறார்கள். கொன்பிக் கோப்பில் சொப்ட்வெயார் டிபவுன்ஸ் என்று, பொய்த் தொடுகையை வடிகட்டும் ஒரு வரி இயங்காமல் கமெண்ட்டாகக் கிடக்கும், அதைத் திறந்துவிட்டு மறுபடி கொம்பைல் செய்யுங்கள். அது காத்துக்கொண்டு நிற்காது. சிப்பில் தனியாக ஓடும் வோச்டோக் டைமரிடம் “32 மில்லிசெக்கன் கழித்துக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடும். கூப்பிடும்போது சுவிட்ச் இன்னும் அழுந்தியிருந்தால் மட்டும் நிறுத்தும். நடுவில் துடிப்புகள் எல்லாம் தன்பாட்டில் போகும்.

அக்கரைப்பற்று_பிளாஸ்மா
செவ்வாய், இரவு 11.10

தங்கச்சி, அருமை. பல வருடமாக இந்த வேலை செய்கிறேன், அந்த எழுத்து தொலைகிற விஷயத்தை நான் யோசித்ததே இல்லை.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 32 மில்லிசெக்கன் சும்மா கிடைப்பதில்லை. தம்பியின் வேகத்தில் அந்த நேரத்துக்குள் தலை 1.6 மில்லிமீற்றர் போய்விடும். சுவிட்சுக்கும் முட்டுக்கும் நடுவில் அதைவிட நல்ல இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

அதோடு, இரைச்சலை வயரிலேயே நிறுத்துவதுதான் முதல் வேலை, கோட் இரண்டாவது. பிளாஸ்மா டோர்ச்சுக்குப் பக்கத்தில் மெஷின் ஓட்டுகிறவன் நான், இதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்படிச் செய்யுங்கள் தம்பி. சுவிட்சை எப்போதும் மூடியிருக்கும் முனையில் பூட்டுங்கள், தொட்டால் திறக்கட்டும், $5ஐ அதற்கேற்ப மாற்றுங்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும் என்பது இதில் கூடுதல் லாபம். ஷீல்ட் வயர் போடுங்கள், ஷீல்டை கொன்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கொடுத்தால் அதுவே ஒரு வளையமாகி இரைச்சலை இழுக்கும். சிப்புக்கு உள்ளே, வயரின் வோல்டேஜை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோஓம், நீள வயருக்கு அது மிகவும் பலவீனம். வெளியே ஒரு கிலோஓம் ஒன்று வையுங்கள், சிப்பின் லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 நானோபராட் கபாசிட்டர் ஒன்று. முடிந்தால், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஒப்டோ கப்ளர். ஸ்பின்டில் வயரோடு இந்த வயரைச் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

என் மெஷினை ஓட்டுவது கொம்பியூட்டரிலேயே ஓடும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி தரநிர்ணய நிறுவனத்தில் 1990களில் இஎம்சி என்ற பெயரில் தொடங்கியது, இப்போது உலகம் முழுவதும் உள்ள பயனர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஹால்ஸ்கோப். ஒசிலோஸ்கோப் வாங்க வசதி இல்லாதவனுக்கு அது பெரிய கொடை. லிமிட் சுவிட்சின் சிக்னலைத் திரையில் கோடாகப் போட்டுவிட்டு டோர்ச்சைக் கொளுத்தினேன். தட்டையாக ஓடிய கோட்டில் முள்ளு முள்ளாக எழும்பியது. ஷீல்டை மாற்றியதும் முள்ளு போய்விட்டது. மிச்சத்துக்கு டிபவுன்ஸ் என்ற பாகத்தை, சிக்னல்களை இணைக்கும் ஹால் கோப்பில் சில வரிகளில் இணைத்தேன், கொம்பைல் செய்யவே தேவையில்லை.

பழைய கொம்பியூட்டர் ஒன்று கிடந்தால், அது எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் லேட்டன்சி டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். 20 மைக்ரோசெக்கனுக்குள் நின்றால் பழைய பிரிண்டர் சொருகும் பாரலல் போர்ட்டிலேயே வடிவாக ஓடும். 100ஐத் தாண்டினால் அந்தக் கொம்பியூட்டரை விட்டுவிடுங்கள். முன்பு இதற்கென்று லினக்ஸின் உட்கருவான கர்னலைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். 2024இல் வந்த லினக்ஸ் 6.12இலிருந்து நேரம் தவறாமல் ஓடும் நிகழ்நேர வசதி பிரதான கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது.

மருதமுனை_தறி
புதன், மதியம் 1.20

நான் நெசவுக்காரன். ஜக்கார்ட் அட்டையில் துளை போடும் சின்ன மெஷின் ஒன்றை ஜிஆர்பிஎல்லில் செய்து கொண்டிருக்கிறேன், அதனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஒரு கேள்வி: நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்தா?

வந்தாறுமூலை_மாணவி
புதன், மாலை 5.45

இல்லை. ஜி54 முதல் ஜி59 வரை நீங்கள் வைத்த வேலைச் சுழியம் (வேலையை அளக்கத் தொடங்கும் புள்ளி) ஈஈபிரொம் நினைவகத்தில் இருக்கும், கரண்ட் போனாலும் அழியாது. ஹோமிங் சுவிட்ச் இருந்தால், தலையை அதில் தொடவைத்து ஹோம் செய்தவுடன் பழைய இடமே கிடைக்கும். எந்த வரி வரைக்கும் ஓடியது என்பதை மட்டும் கொம்பியூட்டர் பக்கம் குறித்துவைக்க வேண்டும். யூபிஎஸ் இல்லையென்றால் அதுவும் போய்விடும், அதனால் அட்டை எண்ணைக் கையால் எழுதுங்கள்.

ஓடாவிமகன்_கல்முனை
வியாழன், இரவு 10.05

என் கோட்டை எடுத்துவிட்டேன். ஷீல்ட் வயர், ரெசிஸ்டர், கபாசிட்டர் எல்லாம் காக்கா சொன்னபடி. சுவிட்சுக்கும் முட்டுக்கும் 6 மில்லிமீற்றர் இருந்தது, அதனால் டிபவுன்ஸ் வரியையும் திறந்தேன்.

பக்கத்துப் பட்டறை நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பழைய தகடு ஒன்றை எடுத்துவைத்து, எனக்காகவே அரை மணித்தியாலம் விட்டுவிட்டு வெல்டிங் அடித்தார். இங்கே பூ ஓடியது. டயல் கேஜ் ஊசி எட்டுத் தடவையும் சுழியத்திலேயே வந்து நின்றது. ஒன்பதாம் தடவை நானா தானே வந்து ஊசியைப் பார்த்தார்.

இனி என் கேள்வி. என்னுடைய அந்தப் பிழையான கோட்டை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன், ஒருவர் சம்மாந்துறை, ஒருவர் ஆரையம்பதி. இருவருக்கும் கோல் எடுத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் ஆளுக்கொரு பிரதியை ஆளுக்கொரு விதமாக மாற்றி வைத்திருக்கிறோம், யாரிடம் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை ஒழுங்காகச் செய்ய என்ன வழி?

வந்தாறுமூலை_மாணவி
வியாழன், இரவு 11.20

நாம் எல்லாரும், மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியம் வைத்துக்கொள்வோம். மூலக்கோட் அப்படியே இருக்கட்டும். ஒரு மாற்றத்துக்கு ஒரு கொமிட் (பதிவு), ஏன் செய்தோம் என்று இரண்டு வரி, எப்படிச் சோதித்தோம் என்று இரண்டு வரி. டயல் கேஜ் கணக்கை அதிலேயே எழுத வேண்டும். ஐந்து மாற்றத்தை ஒரே கட்டாகக் கட்டினால் எது பிழை என்று பிரிக்கவே முடியாது. பிழை அறிவிக்கும்போது $$ காட்டும் செட்டிங் பட்டியலும் $I காட்டும் பதிப்பும் கட்டாயம் வேண்டும்.

ஊனோவுக்கான ஜிஆர்பிஎல்லில் புதிதாகச் சேர்க்க இடமும் இல்லை. 32 கிலோபைட்டில் கிட்டத்தட்ட எல்லாம் நிரம்பிவிட்டது. புது வசதி எழுத ஆசை என்றால் 32 பிட் சிப்புகளுக்கான ஜிஆர்பிஎல்ஹால், அல்லது ஈஎஸ்பி32க்கான புளூயிட்என்சி பக்கம் போக வேண்டும். அங்கே உழைத்தால் அந்த உழைப்பு மற்றவர்களுக்கும் போய்ச் சேரும்.

ஆனால் கோட் எழுதாமலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இடம் மிச்சப்படுத்துவதற்காக 1.1இல் அலாரம், பிழை எல்லாவற்றையும் வெறும் எண்ணாகத்தான் அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது ஆவணக் கோப்புறையில் சிஎஸ்வி கோப்பாக இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி, ஜி-கோட் அனுப்பும் மென்பொருளில் இணைத்தால் திரையில் தமிழ் வரும், சிப்பில் ஒரு பைட்டும் கூடாது. அலாரம் 1க்கு என் வரைவு:

“எல்லை ஆளி தொடப்பட்டது. திடீர் நிறுத்தத்தால் இயந்திரத்தின் நிலை இழக்கப்பட்டிருக்கலாம். மீண்டும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுசெல்லப் பரிந்துரைக்கப்படுகிறது.”

ஏறாவூர்_மரவேலை
வெள்ளி, காலை 7.10

இதை வாசித்து விளங்குவதற்குள் என் பொடியன் ரீசெட்டை அமர்த்திவிடுவான். ஆளி என்று ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்தோம், சரிதான். பட்டறையில் யார் சொல்கிறார்கள்? சுவிட்ச் என்று எழுதுங்கள். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லலாம்.

என்னுடைய டிஎஸ்பியிலும் எல்லாம் இங்கிலிஷ்தான். ஒரு தடவை ஏதோ பிழைச் செய்தி வந்து, அதை வாசிக்கத் தெரிந்த ஆள் வரும்வரை இரண்டு நாள் மெஷின் சும்மா நின்றது. அதனால் இந்த வேலைக்கு நானும் வருகிறேன்.

அக்கரைப்பற்று_பிளாஸ்மா
வெள்ளி, மாலை 4.30

எனக்கும் சுவிட்ச்தான் சரி. ஆனால் ஆளி என்ற சொல்லை விட்டுவிடவும் மனமில்லை. தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் அந்தச் சொல்லோடுதான் வருகிறார்கள். கோப்பில் ஒரு ஓரமாக, சுவிட்ச் என்றால் ஆளி என்று சொல்பட்டியல் வைத்துவிடலாம். ஹோமிங்கை ஹோமிங் என்றே விடுங்கள், “ஆரம்ப நிலை” என்றால் ஜி54 சுழியத்தோடு குழம்புவார்கள். அந்தக் குழப்பத்தில் பிட் முறியும்.

ஓடாவிமகன்_கல்முனை
ஞாயிறு, இரவு 8.50

இரண்டு நாளில் நான்கு கதவுப் பலகை வெட்டினேன். வெல்டிங் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு அலாரமும் இல்லை, ஒரு இதழும் விலகவில்லை.

அலாரம் 1ஐ நான் இப்படி மாற்றி எழுதி, பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்: “வேலையைத் தொடர வேண்டாம். முதலில் ஹோமிங் செய்யவும். லிமிட் சுவிட்ச் தட்டுப்பட்டு மெஷின் சட்டென்று நின்றது. தலை இருந்த இடத்தை இழந்திருக்கும்.”

அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “இடத்தை இழந்திருக்கும் எண்டா என்ன? இடம் பிசகியிருக்கும் எண்டு எழுது” என்றார். பென்சிலால் அவரே வெட்டித் திருத்தியும் தந்தார். பிறகு, ஹோமிங் செய்யாமல் பட்டனை அமர்த்தினால் பலகை போய்விடும் என்பதையும் எழுதச் சொன்னார்.

வந்தாறுமூலை_மாணவி
ஞாயிறு, இரவு 9.30

பிசகியிருக்கும், சேர்த்துவிட்டேன். எவ்வளவு சரியான சொல்! பலகை போய்விடும் என்பதையும் போட்டேன். அலாரம் 2 முதல் 5 வரை என் வரைவு களஞ்சியத்தில் இருக்கிறது, அப்பாவிடம் காட்டுங்கள். 6 முதல் 9 வரை எல்லாமே ஹோமிங் தோற்ற அலாரங்கள், நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஏறாவூர் அண்ணன், அந்த நான்கையும் நீங்கள் எழுதித் தருகிறீர்களா? காரணங்களை நான் கீழே விளக்கி வைக்கிறேன்.

ஏறாவூர்_மரவேலை
ஞாயிறு, இரவு 9.48

வையுங்கள் தங்கச்சி. நாளை பட்டறை திறக்க முன் எழுதிவிடுகிறேன்.